ஒரே நாளில் ஏழு இடம்

ஆந்திர எல்லையில் இருக்கிற எங்கள் நகரி ஊரில் தறி ஓட்டுகிறவனுக்கு லீவு என்று ஒன்று கிடைத்தால் அது கரண்ட் ஆபீஸ் தயவில் கிடைப்பதுதான். மாதத்தில் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை, லைனில் மராமத்து என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்திவிடுவார்கள். ராத்திரி பகலென்று கடகடத்துக்கொண்டிருக்கிற தறிகள் மொத்தமும் நின்றுபோனால் பக்கத்து வீட்டில் கிசுகிசுப்பதுகூட நம் காதில் விழும். மற்றவர்கள் அன்றைக்குப் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். எனக்குத் தூக்கம் வராது. ஒரு நாள் முழுசாகக் கையில் விழுந்திருக்கிறதே, அதில் ஒரு நிமிஷம்கூட வீணாகக் கூடாது என்று உடம்பு பரபரக்கும்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமைதான் நானும் என் பெண்டாட்டியும் திருப்பதிக்குக் கிளம்பினோம். திருப்பதி எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஊரை நான் பார்த்ததே இல்லை. ரயிலை விட்டு இறங்குவோம், மலை பஸ் பிடிப்போம், வரிசையில் நிற்போம், லட்டு வாங்குவோம், வந்த வழியே திரும்புவோம். எங்கெங்கோ இருந்து வருகிறவர்கள் அருவி, மியூசியம், பாறை வளைவு என்று போட்டோ பிடித்துப் போகிறார்கள். பக்கத்தில் இருக்கிற நாங்கள் எதையும் கண்ணால் கண்டதில்லை என்று எனக்கு ரொம்ப நாளாக எரிச்சல்.

நூல் கடைப் பில்லின் பின்பக்கத்தில் நான் திட்டம் எழுதினேன். கோவிந்தராஜர் கோயில், கபில தீர்த்தம், மலைமேல் மியூசியம், பகல் ஒரு மணிக்குப் பெருமாள் தரிசனம், பிறகு சிலாதோரணம் என்கிற பாறை வளைவு, பாபவிநாசம் அருவி, இறங்கி வந்து அலர்மேல்மங்காபுரம் தாயார் கோயில். ஏழு இடம். தரிசன டிக்கெட்டை முன்கூட்டியே நெட் சென்டரில் போட்டு வைத்திருந்தேன். எங்கே எத்தனை நிமிஷம், எங்கே டீ, எல்லாம் எழுதியாகிவிட்டது. அதை அவளிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன். அவள் கேட்டுவிட்டு, இதில் என் வேண்டுதல் எங்கே என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. போன வருஷம் ஆடி மாதம் நெஞ்சுவலி வந்து நான் வேலூர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தேன். பிழைத்தால் உனக்கு முடி கொடுக்கிறேன் என்று இவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பெருமாளிடம் சொல்லிவிட்டாள். அதை யாராவது ஞாபகப்படுத்தினாலே எனக்குப் பிடிக்காது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்ததை நினைக்க யாருக்குப் பிடிக்கும்? அதற்கு மேல் இன்னொரு சிக்கலும் இருந்தது. குடிபாலாவில் கட்டிக் கொடுத்திருக்கிற எங்கள் பெரிய பெண்ணுக்கு அடுத்த மாதம் வளைகாப்பு. சம்பந்தி வீட்டார் முன்னால் மொட்டைத் தலையோடு போய் நிற்பாயா என்று சத்தம் போட்டேன். எத்தனையோ பொம்பளைகள் பூமுடிதானே கொடுக்கிறார்கள், நுனிமுடியில் மூன்று கத்திரி வைத்துக்கொண்டு வா, பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நான் பேசி அவள் பேசாமல் இருந்தால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம். பில்லின் ஓரத்தில் இடுக்கி எழுதினேன்: முடி, அரை மணி.

காலை ரயிலில் போய் இறங்கினோம். கோவிந்தராஜர் கோயிலில் பதினைந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன். அவள் பிராகாரத்தில் நின்று எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள், கையைப் பிடித்து இழுத்து வந்தேன். கபில தீர்த்தத்தில் தண்ணீர் நன்றாகவே விழுந்துகொண்டிருந்தது. தலையில் கொஞ்சம் தெளித்துக்கொள்கிறேன் என்றாள். மேலே போய்க் குளிக்கத்தானே போகிறாய் என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். மலை பஸ் பிடித்து ஒன்பதரைக்கு மேலே இருந்தோம். எழுதி வைத்ததைவிடப் பத்து நிமிஷம் முன்னால். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கல்யாணகட்டா என்று சொல்கிற முடி கொடுக்கும் மண்டபத்துக்கு வந்தோம். பெண்களுக்குத் தனி வரிசை. ஓரளவு நீளமாகத்தான் இருந்தது. அங்கே அவளோடு நின்றுகொண்டிருந்தால் மியூசியம் போச்சு. எனவே நான் ஒரு யோசனை செய்தேன். நீ உள்ளே போய் முடி கொடுத்துக் குளித்துவிட்டு, இந்த வாசல் படிக்கட்டிலேயே வந்து உட்கார், நான் அதற்குள் மியூசியத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். அவள் மாற்றுச்சேலைப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“நீங்களும் கூட இருந்தா நல்லா இருக்கும்ங்க,” என்றாள்.

மூன்று கத்திரிக்கு நான் எதற்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மியூசியத்தில் என்ன பார்த்தேன் என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பழைய சிலைகள், செப்புத் தகடுகள். எல்லாவற்றையும் போட்டோ பிடித்தேன். திரும்பி வரும்போது மணி பதினொன்றேகால். சொன்னதைவிட லேட்தான். அவள் கோபமாக உட்கார்ந்திருப்பாள், ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தேன்.

படிக்கட்டில் அவள் இல்லை.

படிக்கட்டு முழுக்க மொட்டைத் தலைகள். ஆண், பெண், கைக்குழந்தை என்று எல்லாத் தலையிலும் சந்தனம் பூசி மஞ்சளாக இருந்தது. அதற்கு நடுவில் முடியுள்ள தலைகளை மட்டும் பொறுக்கிப் பார்த்தேன். அவளுக்கு இடுப்பு வரைக்கும் முடி. இந்த வயதிலும் கொண்டை போட்டால் தேங்காய் அளவுக்கு இருக்கும். எங்கே நின்றாலும் பின்னாலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். இரண்டு கொண்டைகளைத் துரத்திக்கொண்டு போனேன். இரண்டும் வேறு யாரோ.

இன்னும் குளித்துவிட்டு வரவில்லை போலிருக்கிறது என்று கால் மணி நேரம் பொறுத்தேன். பிறகு படிக்கட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தேன். போன் அடித்தேன். மணிச்சத்தம் என் தோள்பையிலிருந்தே கேட்டது. போன் நனைந்துவிடும், என்னிடம் கொடு என்று காலையில் நான்தான் வாங்கி வைத்திருந்தேன். அவளுக்குத் தெலுங்கு, மார்க்கெட்டில் பேரம் பேசுகிற அளவுக்கு வரும், படிக்கத் தெரியாது. ஒரு பலகையைக்கூடப் படிக்க முடியாது. கையில் பத்து ரூபாய்கூட இருக்காது, பர்ஸும் என்னிடம்தான் இருந்தது.

இரண்டாவது முறை நடந்தேன். இந்தத் தடவை பெயர் சொல்லியும் கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் இல்லை, தெலுங்குக்காரர் மாதிரி ‘ஏமே’ என்றுதான் கூப்பிடுவேன். பெயர் என் வாயிலிருந்து யாரோ வேற்று ஆளைக் கூப்பிடுவது மாதிரி வந்தது. கூட்டத்தின் இரைச்சலில் அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது முறை எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஒரு இடத்தில் உட்காரச் சொன்னால் உட்காரத் தெரியாதா, ஒரு மணிக்கு டிக்கெட், எல்லாம் கெட்டுப்போகப் போகிறது என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே படியேறினேன். வழியை மறித்துக்கொண்டு ஒரு மொட்டை அம்மா உட்கார்ந்திருந்தாள். நீலச் சேலை, மில் துணி, முந்தானையில் ஒரு இழை இழுத்துக்கொண்டிருந்தது. தறிக்காரன் கண் அல்லவா, அது மட்டும் பட்டது. மலையில் எல்லாரும் எல்லாரையும் விரட்டுகிற வார்த்தை நாக்கில் தயாராக இருந்தது. “ஜருகண்டி, ஜருகண்டி,” என்று அதட்டினேன். நகர்ந்துகொள் என்று அர்த்தம். அந்த அம்மா பையை இழுத்துக்கொண்டு சுவரோரமாக நகர்ந்து வழி விட்டாள். நான் தாண்டிப் போனேன்.

மேலே நின்று பார்த்தபோதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. கோபம் இருந்த இடம் தெரியவில்லை. நெஞ்சுவலி வந்து வேலூரில் கிடந்தபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. ஆயிரக்கணக்கான ஜனம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறது. எந்தப் பஸ்ஸில் ஏறினாளோ, எந்த வரிசையில் மாட்டினாளோ, எங்கே மயங்கி விழுந்தாளோ. காலையிலிருந்து அவள் ஒன்றும் தின்னவில்லை. முடி கொடுக்கும் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது என்று இருந்தாள். அதையும் நான் அப்போதுதான் நினைத்தேன்.

கொஞ்ச தூரத்தில் காணாமல் போனவர்களைப் பற்றி ஒலிபெருக்கியில் சொல்லுகிற இடம் இருந்தது. அங்கே சேவைக்கு வந்திருந்த ஒரு சித்தூர்க்கார அம்மா உட்கார்ந்திருந்தார். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். வயசு சொன்னேன். ஊர் சொன்னேன். என்ன சேலை என்றார். அப்பாடா, இது நம் விஷயம் என்று எனக்குத் தெம்பு வந்துவிட்டது. எங்கள் தறியில் ஓடினது, எண்பதாம் நம்பர் நூல், உடம்பு மஞ்சள், அரக்கு பார்டர், பார்டரில் ரெட்டைப்பேட்டுப் பட்டை, முந்தானையில் ஆறு கோடு என்று மளமளவென்று சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

குளித்திருந்தால் சேலை மாற்றியிருப்பார்களே, மாற்றுச்சேலை என்ன கலர் என்று கேட்டார்.

பை என் கண்முன்னால் வந்தது. பைக்குள் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

“சரிண்ணா, மூஞ்சில அடையாளம் எதுனா சொல்லுங்க,” என்றார். “மச்சம், தழும்பு, இன்னா இருந்தாலும் பரவால்ல.”

மூக்குத்தி போட்டிருப்பாள் என்றேன். எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். இடது பக்கம் என்று சொல்ல வந்தேன், இல்லை வலதா என்று நின்றுவிட்டேன். என் மூக்கிலேயே விரலை வைத்துப் பார்த்தேன். எதிரில் உட்கார்ந்து சோறு போடுகிறபோது எந்தப் பக்கம் மின்னும் என்று யோசித்தேன். சோறு தெரிந்தது, கை தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷம், ஐயா. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. அந்த அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்ப்பது போல எனக்குத் தோன்றியது.

அவர் என்னை விட்டுவிட்டு, போனில் போட்டோ இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தேடினேன். காலையில் பிடித்த கோபுரம், அருவி, மியூசியத்துச் சிலைகள், அதற்கு முன்னால் வரிசையாகச் சேலை டிசைன்கள். தள்ளித் தள்ளி விரல் வலித்தது. கடைசியில் பெண் கல்யாணத்தில் யாரோ அனுப்பின ஒரு படம் கிடைத்தது. அதில் தாம்பாளத்தோடு நிற்கிறாள், தலை நிறையப் பூ.

மொட்டை போட்டுக்கொண்டார்களா என்று அவர் கேட்டார். இல்லை, பூமுடிதான், மூன்று கத்திரி என்று அடித்துச் சொன்னேன். நான்தான் அப்படிச் சொல்லி அனுப்பினேன் என்றும் சொன்னேன்.

“எத்தினியோ பேரு அப்பிடித்தான் சொல்லிக்கினு உள்ள போவாங்க. உள்ள போனப்பறம் மனசு மாறி முழுசா குடுத்துட்டு வருவாங்க,” என்றார்.

பிறகு அவர் போனை மேஜைமேல் வைத்து, படத்தைப் பெரிசாக்கி, ஒரு கையால் தலைமுடியையும் பூவையும் மறைத்துக்கொண்டு என் பக்கம் திருப்பினார். முகம் மட்டும் தெரிந்தது. நெற்றி, கண், வாய். வேறொன்றும் இல்லை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த முகத்தை நான் பார்த்திருந்தேன். கல்யாணத்தில் இல்லை, வீட்டில் இல்லை. கால் மணி நேரத்துக்கு முன்னால், படிக்கட்டில், நீலச் சேலைக்கு மேலே பார்த்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்துத்தான் நகர்ந்துகொள் என்று அதட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. டாக்டர் ஓடக்கூடாது என்று சொல்லியிருந்தார். போனை அங்கேயே மேஜைமேல் விட்டுவிட்டு ஓடினேன், பின்னாலேயே யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். அவள் அங்கேயேதான் இருந்தாள். நான் நகரச் சொன்ன அந்தச் சுவரோரத்திலேயே, பையை மடியில் வைத்துக்கொண்டு. சந்தனம் காய்ந்து நெற்றி ஓரத்தில் வெடித்திருந்தது. காது இரண்டும் பெரிசாகத் தெரிந்தன. கண்கள்கூட முன்னைவிடப் பெரிசாக இருந்தன. யார் இது என்று ஒரு கணம் மறுபடியும் தோன்றியது. அதை நான் மறைக்கப் பார்த்தேன். அவள் கண்ணில் அது படாமல் போகவில்லை.

எனக்கு மூச்சு வாங்கியது. ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று கேட்டேன். திட்டுகிற குரலில்தான் கேட்டேன், வேறு குரல் எனக்கு எங்கே வரும்.

“மொத தபா போறப்ப, வெயில்ல கண்ணு தெரியலன்னு நெனச்சேன்,” என்றாள். “ரெண்டாந்தபா எம் பேரச் சொல்லிக் கூப்ட்டுக்கினே போனீங்க. எந்திரிச்சி நின்னேன். மூஞ்சப் பாத்துட்டுத்தான் போனீங்க. மூணாந்தபா ஜருகச் சொன்னீங்க, ஜருகிட்டேன்.”

“அப்பவாச்சும் கூப்ட்டிருக்கலாம் இல்ல?”

“இன்னாத்துக்குக் கூப்டணும்? என்னத்தான தேடிக்கினு இருந்தீங்க.”

அவள் அழவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அவள் சத்தம் போட்டிருந்தால் நான் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன், அத்தோடு போயிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்தேன். எதற்கு முழுசாகக் கொடுத்தாய், நான்தான் வேண்டாம் என்றேனே என்று மெதுவாகக் கேட்டேன். கத்திரியை எடுத்துக்கொண்டு நாவிதப் பெண் வந்தபோது வேலூர் வராந்தா ஞாபகம் வந்துவிட்டதாம். அன்றைக்கு நான் மூன்று கத்திரி என்று சொல்லி வேண்டிக்கொள்ளவில்லையே, உங்கள் உயிரை முழுசாகத்தானே கேட்டேன் என்றாள். பிறகு வளைகாப்பைப் பற்றியும் அவளே சொன்னாள். சம்பந்தி வீட்டுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள், நான் வருவேன் என்றாள்.

சரி என்றேன். டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். தரிசனம் முடிந்துதான் எதுவும் என்றாள்.

மணி பன்னிரண்டரை. டைம் ஆகிறது, வாருங்கள் வரிசைக்குப் போகலாம் என்று அவளே எழுந்தாள். நான் பையை வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். அவளை நான் முன்னால் விட்டு நடந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். எப்போதும் நான் முன்னால் போவேன், அவள் வந்துகொண்டிருப்பாள். வெயில் அவள் தலையில் நேராக விழுந்தது. சந்தனம் அரையும் குறையுமாக உதிர்ந்திருந்தது. பின்மண்டையில், காதுக்கு மேலே, ஒரு விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு. புதுசு இல்லை. பழைய தழும்பு, தையல் போடாமல் தானாகக் கூடிக்கொண்டது, கோணலாக மேடு தட்டியிருந்தது.

நின்றுவிட்டேன். உன் அம்மா வீட்டில் விழுந்தாயா, சின்னப் பிள்ளையில் பட்டதா, கல்யாணத்துக்கு முன்னாலா என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் கையைப் பின்னால் கொண்டுபோய் அந்த இடத்தைத் தொட்டாள். தடவித் தேடாமலே விரல் சரியாக அங்கே போய் நின்றது.

“நம்ம தறிதான். நாடா தெறிச்சிது,” என்றாள்.

குறுக்கே ஓடுகிற ஊடைநூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறக்கிற நாடாவுக்கு ரெண்டு முனையிலும் இரும்புக் கூர் இருக்கும். தெறித்தால் துப்பாக்கிக் குண்டுதான். எங்கள் ஊரில் கண் போனவர்கள் இருக்கிறார்கள். எப்போது என்று கேட்டேன்.

“பெரியவ வயித்துல இருந்தா, ஆறு மாசம். நீங்க மெட்ராசுக் கடைக்கு சேலை போடப் போயிருந்தீங்க. காப்பித்தூள அப்பிக்கினு கொஞ்ச நேரம் படுத்துக்கினு இருந்தேன், அப்பால எந்திரிச்சி ஓட்டினேன். சாயங்காலம் நீங்க வந்ததும் கேட்டீங்க, இன்னிக்கி துணியில ரெண்டு முழம் கொறையுதே, இன்னா பண்ணிக்கினு இருந்தேன்னு.”

அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் இருந்தது. அவள் தலையில் கட்டு இருந்ததா, முகம் வெளுத்திருந்ததா, எதுவும் ஞாபகம் இல்லை. துணி மட்டும் ஞாபகம் இருந்தது. குறைந்திருந்தது ரெண்டு முழம் இல்லை, ரெண்டரை முழம்.